நெய்தல் நங்கை என்று யாரும் இல்லை

நம்ம வகுப்பு லீடர் என்னிடம் கேட்டது நாலு வரி. பள்ளிக்கூட மலரில் பழைய கட்டுரை ஒன்றைத் திரும்ப அச்சிடப் போகிறார்களாம். "நீதானே கடக்கரைப் பக்கத்து ஆளு, முன்னுரையா நாலு வரி எழுதித் தா" என்று போனில் சொன்னான். சொன்ன கையோடு அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து நம்ம வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டான். 'நெய்தல் நிலத்தின் கண்ணீர்'. எழுதியவர்: நெய்தல் நங்கை.

அதற்குக் கீழே நீங்கள் முப்பது நாற்பது பேர் கைகூப்புகிற படம் போட்டீர்கள். நம்ம தமிழ் சார் உருவாக்கிய எழுத்தாளர் என்று ஒருத்தர். கடலோர மக்களைக் கைதூக்கிவிட்ட பள்ளிக்கூடம் என்று இன்னொருத்தர். யார் அந்த நெய்தல் நங்கை, உயிரோடு இருக்கிறாளா, இப்போது எங்கே இருக்கிறாள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

அதனால் நான் சொல்கிறேன். நெய்தல் நங்கை என்று யாரும் இல்லை. அதை எழுதியது எனக்க அக்கா. அந்தப் பெயரை அவள் வைத்துக்கொள்ளவில்லை. அதிலுள்ள பாதி வார்த்தைகள் அவளுடையவை இல்லை. இதைச் சொல்ல நாலு வரி போதாது. பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அறுபத்திரண்டு வயசாகிறது. யாருக்கும் பிடிக்கும்படி எழுதவேண்டிய கட்டாயம் இனி இல்லை.

நான் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த வருஷம். அக்கா அதே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு. அப்போது பதினொன்றுதான் பெரிய பரீட்சை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு துறை. அங்கிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருகிற ஏழெட்டுப் பிள்ளைகளில் நாங்கள் இரண்டு பேர். அந்த பஸ்ஸில் நாங்கள் ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். மழைக்கு இறக்கி மூடுகிற ஜன்னலை, மீன் வாடை வெளியே போகட்டும் என்று எங்களுக்காக ஏற்றித் திறப்பார்கள். உங்களில் சிலர் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள். மூக்கைப் பொத்தியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். குரூப்பில் தினமும் காலை வணக்கம் சொல்கிறீர்கள்.

அக்கா அதற்காகவே விடியற்காலையில் எழுந்து எங்கள் இரண்டு பேருடைய பாவாடையையும் துவைத்துக் காயப்போடுவாள். சீயக்காய் போட்டு என் தலையைத் தேய்த்த தேய்ப்பில் மண்டை எரியும். பிச்சிப்பூ வாங்கி வைப்பாள். ஒன்றும் பலிக்காது. பூ மணக்கும், அதோடு சாளை மீன் எண்ணெயும் மணக்கும்.

உங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தீர்கள். ஒரே ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் பியூன் முதல் பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் அதைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சாதாரணமாகச் சொல்வார்கள், கோபமாகக்கூட இல்லை. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அச்சாகும். அச்சானால் இன்னொரு ஐம்பது வருஷம் இருக்கும்.

எங்களை நாங்கள் சொல்லிக்கொள்வது கடப்புறத்துக்காரங்க என்று. கடப்புறம் என்றால் கடற்கரை, வேறொன்றும் இல்லை. வெளியூரில் யாராவது கேட்டால், "நாங்க கடப்புறத்துக்காரங்க" என்போம். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஊருக்குள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விளிப்பெயர் உண்டு. எங்களுக்கு 'சங்கு'. அப்பா சங்கு, அம்மை சங்குக்காரி, நாங்கள் சங்குப் பிள்ளைகள். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று தனியாக, நீளமாக இருந்தது. அது கோயில் புத்தகத்துக்கு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்த நீளப் பெயர் ரிஜிஸ்டரில் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கிளார்க் பாதியை விட்டுவிட்டார். அந்த வெட்டுப்பட்ட பெயரோடுதான் நான் பின்னால் பாஸ்போர்ட் எடுத்தேன், குவைத்துக்குப் போனேன். அங்கே இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை. எல்லாரும் 'சிஸ்டர்' என்றார்கள். அந்தப் பாதிப் பெயரும் தேவைப்படவில்லை.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

அவள் எழுதுவாள். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கோயில் மணிக்கூண்டின் நிழல் மணலில் நீளமாக விழும். அந்த நிழலில் போய் உட்கார்ந்து எழுதுவாள். நிழல் நகர நகர அவளும் நகர்ந்துகொள்வாள். கோடு போடாத நோட்டு, சிவப்பு அட்டை. பக்கத்தில் வலை காய்வது, கருவாடு காய்வது, அதன் மேல் ஈ மொய்ப்பது எல்லாம் அவளைத் தொந்தரவு செய்யாது. நான் பக்கத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பேன். நடுநடுவே அப்பாவிடம் போய் ஏதாவது கேட்டுவிட்டு வருவாள். ஆடியில் அடிக்கிற காற்றுக்கு என்ன பேர், அடியில் ஓடுகிற நீரோட்டம் திசை மாறினால் என்ன சொல்வார்கள் என்று.

அப்பா வலையின் கண்ணி கோத்துக்கொண்டே சிரிப்பார். "காத்துக்குப் பேரு எழுதினா உங்க சாறு மார்க்கு தருவாரா?"

"மார்க்குக்கு இல்ல அப்பா. பள்ளிக்கூட மலருக்கு."

"அப்போ நல்லா எழுது. எனக்க பேரையும் போடு."

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று அக்காவிடம் கேட்டது தமிழ் சார். அவரைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும், செத்தவர். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வசவில் முடித்திருப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களை அந்த ஒற்றைச் சொல்லால் கூப்பிடாத ஒரே ஆள் அவர். அக்காவை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். லைப்ரரி அலமாரியின் சாவியை அவளிடம் கொடுத்திருந்தார். வெள்ளை ஜிப்பா, பச்சை மை பேனா. அவரும் கவிதை எழுதுவார். அதற்கு ஒரு புனைபெயர் வைத்திருந்தார். மலையும் நிலாவும் கலந்த ஒரு பெயர். சர்டிபிகேட்டில் இருந்த பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை, தூக்கிப்போட்டுவிட்டுத் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார். அதற்கு அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை.

ஓணம் லீவு முடிந்து அக்கா கட்டுரையைக் கொடுத்தாள். ஒன்பது பக்கம். நான் அதை வாசித்திருந்தேன், முதல் வரி எனக்கு மனப்பாடம். 'நாங்க கடப்புறத்துக்காரங்க. மழை கடலுக்கு மேலே நடந்து வருவதை நாங்க தூரத்திலேயே பார்த்துவிடுவோம்.'

ஒரு வாரம் கழித்து சார் கூப்பிட்டு அனுப்பினார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நானும் கூடப் போய் ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். சார் முகமெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கேம்மா. கொஞ்சம் சரிபண்ணணும், அதை நான் பாத்துக்கிடுதேன். பேரு என்ன போடலாம்? எழுதுகிறவங்களுக்கு ஒரு பேரு வேணும்."

அக்கா யோசித்து வைத்திருந்தாள். "கடப்புறத்துக்காரின்னு போடுங்க சார்."

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை மழலை பேசினால் சிரிப்பார்களே, அது. "அது பேராம்மா? கொச்சை."

"எங்கள நாங்க அப்படித்தான் சார் சொல்லுவோம்."

"நீங்க சொல்லலாம். அச்சில வரப்பிடாது. உங்களுக்குச் சங்கத் தமிழில எவ்வளவு அழகான பேரெல்லாம் இருக்கு தெரியுமா? உங்க பெருமை உங்களுக்கே தெரியாது."

உங்க பெருமை உங்களுக்கே தெரியாது. இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மேடையில், பாதிரியார் பிரசங்கத்தில், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம். முதலில் கேட்டது அந்த வாசலில் நின்றுதான்.

மலர் கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள் வந்தது. புது மை வாசம், வழவழப்பான அட்டை. அக்கா பஸ்ஸில் அதைத் திறந்து தன் பக்கத்தைப் பார்த்தாள். மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை அதை மறுபடி திறக்கவில்லை. நான்தான் அவசரப்பட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு அம்மையிடம் ஓடினேன்.

அம்மை அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்திருந்தாள். காலையில் தலையில் ஓலைக் கடவப்பெட்டியை ஏற்றினால் உங்கள் ஊர்த் தெருக்களெல்லாம் நடந்து மூன்று மணிக்குத் திரும்புவாள். கடவத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "வாசி மக்கா, கேப்போம்" என்றாள்.

நான் சத்தமாக வாசித்தேன். 'நெய்தல் நில மக்கள் எளிமையானவர்கள். அவர்கள் கல்வியறிவற்றவர்களாயினும் கள்ளமற்ற உள்ளம் படைத்தவர்கள். அவர்களது வாழ்வு கண்ணீராலும் உப்பாலும் ஆனது.' அப்படியே மூன்று பக்கம். ஒன்பது பக்கம் மூன்றாகியிருந்தது. அப்பா சொன்ன காற்றின் பேர் ஒன்றும் இல்லை. 'நாங்க' என்று ஒரு இடத்தில்கூட இல்லை. எல்லாம் 'அவர்கள்'.

அம்மை கன்னத்தில் கைவைத்துக் கடைசி வரைக்கும் கேட்டாள். "இது யாரப் பத்தி எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"பாவம் அந்தச் சனம்" என்றாள் அம்மை. "என்ன பாடு படுகு."

அக்கா எழுந்து வெளியே மணலுக்குப் போனாள். இருட்டுகிற வரைக்கும் வரவில்லை. அது அக்கா எழுதியது, நம்மைப் பற்றித்தான் என்று அம்மைக்கு நான் விளக்கிச் சொன்னபோது அவள் வெகுநேரம் அந்த அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மட்டும் பெருமை. மலரைத் துணியில் சுற்றிக்கொண்டு கள்ளுக்கடை, ஏலக்கூடம் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார். "நெய்தல்னா என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"பூவு அப்பா. சார் சொன்னாரு."

"நம்ம கரையில காணேல்லியே. மணக்குமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. மகளுக்கு ஊருக்குள்ளே ஒரு பெரிய சார் பேர் வைத்திருக்கிறார், அது போதும்.

ஆண்டு விழா தை மாதம் நடந்தது. மைதானத்தில் பந்தல், ரோஸ் கலர் சீலை கட்டிய மேடை, விருந்தாளியாக யாரோ ஒரு அதிகாரி. மலரில் வந்த சிறந்த கட்டுரைக்குப் பரிசு உண்டு. மைக்கைப் பிடித்திருந்தது தமிழ் சார்.

"நெய்தல் நங்கை" என்று கூப்பிட்டார்.

யாரும் எழும்பவில்லை. நாங்கள் ஆறாம் வகுப்பு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கடைசி பெஞ்சு வரிசையில் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை கூப்பிட்டார், மூன்றாம் தடவை கூப்பிட்டார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். சார் மைக்கை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி அவளிடம் போனார்.

"எழும்பும்மா. உன்னத்தான்."

"எனக்க பேரு அதில்ல சார்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சொல்லித்தான் அது பிறகு பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. சார் முகம் கறுத்துப்போயிற்று. மேடையில் அதிகாரி கையில் பரிசோடு நிற்கிறார். சார் திரும்பி வருகிற வழியில் என்னைப் பார்த்தார்.

"நீ வா. அக்காவுக்காக வாங்கிக்கோ."

நான் போனேன்.

இதைத்தான் நான் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, படியேறிப் போனேன். பரிசு ஒரு எவர்சில்வர் தட்டு. 'நெய்தல் நங்கை' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. கையில் வாங்கும்போது குளிர்ந்திருந்தது. எல்லாரும் கைதட்டினீர்கள். எங்களைப் பார்த்து அந்தப் பள்ளிக்கூடம் கைதட்டியது அது ஒரு தடவைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயந்து போகவில்லை, கட்டாயத்தில் போகவில்லை. சந்தோஷமாகப் போனேன். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். அக்கா எழுதினாள். விழாவில் எழும்பாமல் இருந்ததற்கு வருத்தம் என்று ஒழுங்காக எழுதி, கீழே 'இப்படிக்கு, கடப்புறத்துக்காரி' என்று கையெழுத்துப் போட்டாள். அவர் அது தன்னைக் கேலி செய்வது என்று எடுத்துக்கொண்டார். அப்பனைக் கூட்டிக்கொண்டு வா என்று வெளியே நிறுத்தினார்.

அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் வகுப்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து பைப்படியில் நின்றேன். ஆபீஸ் வராந்தாவில் அப்பா நிற்கிறார், பக்கத்தில் அக்கா. கிளார்க் உள்ளே எட்டிப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒற்றைச் சொல்லால் ஹெட்மாஸ்டருக்குச் சொன்னார். அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்று சொன்னார். அப்பா கேட்டார், அக்கா கேட்டாள், வராந்தாவில் போன பிள்ளைகளும் கேட்டார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார்.

"ஓய், உம்ம மகளுக்கு நாங்க நல்ல பேரு வாங்கிக் குடுத்தா, விருந்தாளி முன்னால எங்கள நாணங்கெடுத்துதா."

"அறியாத பிள்ளை சாறே. பொறுக்கணும்." அப்பா அக்காவைப் பார்த்தார். "மன்னிப்பு கேளு மக்கா."

"எதுக்கு அப்பா?"

"சாறு அழகான பேருதானே வச்சிருக்கு?"

"எனக்குப் பேரு இருக்குல்லா."

அப்பா கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையை அப்படியே இறக்கித் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படிச்சது மதி, போதும். வா" என்றார். அவள் புத்தகப் பையை எடுக்க வகுப்புக்குப் போகக்கூட விடவில்லை. நான்தான் சாயங்காலம் அதைச் சுமந்துகொண்டு வந்தேன். பரீட்சைக்கு இரண்டு மாசம் இருந்தது.

அன்றைக்கு நான் அப்பாவை மகளைவிடச் சாரைப் பெரிதாக நினைக்கிற ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அவர் சாகிற வரைக்கும் அவரிடம் பேசினேன். இப்போது யோசித்தால் அவர் கை ஓங்கியது அக்காவைப் பார்த்து இல்லை என்று தோன்றுகிறது. இரண்டடி தள்ளி நின்ற கிளார்க்கை அவரால் அடிக்க முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு மகள் நிற்பதையும் அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வராந்தாவை விட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று இருந்திருக்கிறது. போகிற வேகத்தில் அவளுடைய படிப்பும் கூடப் போயிற்று. அம்மை ஒரு மாசம் சண்டை போட்டாள். "ஒரு பேருக்காட்டா பிள்ளைக்க படிப்ப நிறுத்தினிய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தட்டில்தான் அப்பா தினமும் கஞ்சி குடித்தார். அக்கா வீட்டில் இருந்தவரை அவள்தான் தினமும் அதைக் கழுவினாள். சாம்பல் போட்டு அந்தப் புள்ளி எழுத்துகள் மேல் அவள் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டுப்பாடம் எழுதினேன். கடல் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை எடுத்துப்போன வருஷம் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடியதில் தட்டு எங்கேயோ போயிற்று. யாரும் தேடவில்லை.

கோடைக்கு முன்னால் அக்கா இறால் கம்பெனிக்குப் போனாள். முதலில் கொல்லம், பிறகு குஜராத். எங்கள் துறையிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே ரயிலில் போனார்கள். ஐஸ் கட்டிக்குள் கைவிட்டு இறால் உரிக்கிற வேலை. நகக்கண்ணெல்லாம் அரித்துப் போகும். அங்கே எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் பேச்சிலேயே. எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டி, "உனக்கு இதில என்ன மாத்தணும்?" என்று கேட்பாளாம். அவளோடு வேலை செய்த ஒரு பெண்தான் என்னிடம் இதைச் சொன்னாள். பதினாறு வயசுப் பெண்ணுக்குத் தோன்றியது நாற்பது வயசுத் தமிழ் வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

நான் தொடர்ந்து அதே பள்ளிக்கூடத்தில் படித்தேன். எட்டாம் வகுப்பில் தமிழ் சாரே எனக்குப் பாடம் எடுத்தார். ஒருநாள் நோட்டுத் திருத்தும்போது, "அக்கா இப்பம் எழுதுகாளா?" என்று கேட்டார்.

"இறால் உரிக்கா சார்."

"அடடா" என்றார். "நல்ல திறமை. வீணாப்போச்சு." என் நோட்டில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி இந்த மாசத்துக் கதை. லீடர் போட்ட படத்தைப் பார்த்ததும் நான் அவனுக்குப் போன் செய்தேன். அந்தப் பெயரை எடுத்துவிடு, அது அக்காவுக்குப் பிடிக்காத பெயர் என்றேன்.

"எதுக்கு? எவ்வளவு அழகான பேரு" என்றான். "அதில ஒங்களக் குறைச்சு ஒண்ணும் இல்லியே. பெருமையாத்தானே இருக்கு?"

"ஒனக்கு நான் ஒரு பேரு வைக்கட்டா? அழகாத்தான் வைப்பேன். ஒனக்க பிள்ளைகளுக்க கல்யாணப் பத்திரிகையிலயும் அதைத்தான் போடணும். சம்மதமா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "செத்துப்போன சாரைப் பத்தி இப்பம் எதுக்கு" என்றான். சாகாமல் இருக்கிற அக்காவைப் பற்றி அவன் அப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது கரையிலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்த இடத்தில் பாறாங்கல்லைக் கொட்டிச் சுவர் போட்டிருக்கிறார்கள். அறுபத்தேழு வயசு. விரல்கள் மடங்கிப்போய்விட்டன, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

நான் காகிதத்தை எடுப்பதற்கு முன்னால் மேடை ஏறியதைச் சொன்னேன். சந்தோஷமாக ஏறினேன் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நீ போனதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஒண்ணும் கேக்கலியே நீ."

"ஒனக்குப் பதினோரு வயசு ஏட்டி. மத்த எல்லாரும் பெரிய ஆளுங்க. அவங்களக் கேக்காம ஒன்னக் கேப்பேனா?"

கொஞ்ச நேரம் சாயா குடித்தோம். பிறகு மலர் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதை உங்கள் முகத்தில் எறிவதற்கு ஆசையாகவும் இருந்தது.

"போடட்டும்" என்றாள். "நான் எழுதினத நான் எழுதின மாதிரி போடட்டும். இல்லேன்னா போடாண்டாம்."

"நீ எழுதின காகிதம் இல்லியே அக்கா. சாரு எங்க போட்டாரோ."

"வாசி நீ. வெள்ளெழுத்து, எனக்குத் தெரியாது."

நான் வாசித்தேன். 'அவர்கள்' என்று வந்த இடத்திலெல்லாம் 'நாங்க' என்று மாற்றி வாசித்தேன். நெய்தல் நில மக்கள் என்று வந்தபோது கடப்புறத்துக்காரங்க என்றேன். கள்ளமற்ற உள்ளத்தை விட்டுவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சில இடங்களில் கையைக் காட்டி நிறுத்தி, விட்டுப்போனதைச் சொன்னாள். காற்றுகளின் பேர், மழை நடந்து வருவது, அப்பா சொன்னது எல்லாம். அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. நான் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். அவள் அன்றைக்குச் சாரிடம் சொன்ன பெயரைத் தலைப்புக்குக் கீழே எழுதினேன். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அதைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன், கோபத்தில்தான்.

முழுவதையும் உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போடுங்கள். அன்றைக்கு நான் வாசித்துக்கொண்டே மூன்றாம் பக்கத்தின் நடுவில் வந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நில்லு. அங்க ஒரு வரி உண்டும். சாரு அதை முதல்லயே வெட்டிட்டாரு. பச்சை மையால வெட்டினத நான் பாத்தேன்."

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

"எங்க அம்மை ஊருக்குள்ள மீன் கொண்டு போவா. சாளையா, அயலையா, நெத்திலியான்னு வாசல்ல நின்னு கேப்பாங்க. எல்லா வீட்டுக்கும் மீனுக்க பேரு தெரியும். அம்மைக்க பேரு என்னன்னு இதுவரைக்கும் ஒரு வீட்டுலயும் கேட்டதில்ல."